அந்தத் தகட்டை மூடியது நான்தான்

பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்திற்கு அந்தத் தகட்டை மூடியது நான்தான். மறுபடி திறந்தபோது மணி மூன்று ஆறு. நடுவில் இருபத்தாறு நிமிடங்கள்... அந்த இருபத்தாறு நிமிடங்களின் பழியை ஒன்றரை வருடமாக என் மகள் சுமக்கிறாள். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படிப்பதை நிறுத்திவிட்டாலும் சரி, யாரோ ஒருவர் காதில் விழுந்துவிட்டது.

என் பெயர் சகாயமேரி. வயது நாற்பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில் பராமரிப்புப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். தவறு அதனுடையது அல்ல.

இந்த வேலைக்கு ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளை பெற்றவர்கள் படுத்திருக்கும் அறையில், பால் கொடுக்கும் நேரத்தில், ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆண் நுழைந்து மேற்கூரைப் பலகையைக் கழற்ற முடியாது. நான் நுழையலாம். "ஒண்ணுமில்லம்மா, மேல பாக்குறேன், நீ பிள்ளையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன். அதனால் அந்தக் கட்டடத்தின் மேற்கூரைக்குள் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாது!

கட்டடம் பழையது. ஒன்றரை அடிச் சுவர். உள்ளே வந்தால் கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. நோயாளிகளின் அழைப்பு மணிகளை வைஃபையில் இயங்கும்படி மாற்ற நிர்வாகம் முடிவு செய்தபோது, அறைக்கு அறை சுவரைக் குடைய வேண்டும் என்றார்கள். பச்சைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் சுவரைக் குடைவதா?

அப்போது கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் வேறு வழி சொன்னார். ஏசியின் குளிர்க்காற்று போவதற்காக மேற்கூரைக்குள் தகரக் குழாய்கள் ஓடுகின்றன. டக்ட் என்போம். அதன் தொடக்கத்தில் ஓர் ஆன்டெனாவைச் செருகிவிட்டால் போதும். தகரத்தைத் துளைத்து வெளியேற முடியாத சிக்னல் குழாய்க்குள்ளேயே மோதி மோதி முன்னே போகும். எந்தெந்த அறையில் காற்று இறங்குகிறதோ அந்தந்த அறையில் அதுவும் இறங்கும்.

எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. கனவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றின் தோளில் ஏறிக்கொண்டு, இருட்டான தகரக் குகைக்குள் சத்தமில்லாமல் போகிறது... போய், தூங்கும் தாய்மார்களின் தலைமாட்டில் இறங்குகிறது!

என் மகள் ஜெனிபர் அதே மருத்துவமனையில் இரண்டாம் மாடியில் செவிலி. ஆன்டெனாக்களைப் பொருத்தி முடித்த அன்று வீட்டில் அவளை உட்காரவைத்து, செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டிக் காட்டிப் பெருமையாக விளக்கினேன்.

"காத்து போற வழியிலதான்டி அதுவும் போகும். நடுவுல டேம்பர மூடிட்டா ரெண்டும் ஒண்ணா நின்னுபோயிரும்."

"ஜில்லுன்னுல வரும் ஒன் சிக்னலு. பேசுறவங்களுக்குச் சளி பிடிக்காம இருந்தாச் சரி" என்றாள்.

டேம்பர் என்பது குழாய்க்குள் இருக்கும் ஒரு தகட்டுக் கதவு. எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு காற்று போக வேண்டும் என்று திருப்பி வைக்க, குழாய்க்கு வெளியே ஒரு கைப்பிடி இருக்கும். அது குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது. குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. அவ்வளவுதான். ஒரு கால் திருப்பு.

அழைப்பு மணிப் பொத்தானில் ஒரு குட்டி விளக்கு இருந்தது. தொடர்பு இருந்தால் பச்சை. அறுந்தால் சிவப்பு. புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் ஜெனி அதைக் காட்டிச் சொல்வாள், பச்சையாக இருக்கும்வரை நான் பக்கத்தில் நிற்பதுபோலத்தான் என்று. அந்த வாக்கியத்தை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். எவ்வளவு அழகாக இருந்தது அப்போது!

இனி, நான் ஏன் செய்தேன் என்பது...

ஒவ்வொரு மாடியிலும் காற்றை ஊதும் எந்திரத்திற்கு ஒரு சிறு அறை உண்டு. பெரும்பாலும் நான் அங்கேதான் இருப்பேன். மதிய வேளையில் எந்திரத்தின் ஒரே சீரான இரைச்சலில், குளிரில், கண் திறந்திருக்கும்போதே பாதித் தூக்கம் வந்துவிடும். அப்படி ஒரு மதியம், டக்டின் வழியாக ஒரு குரல் வந்தது.

மிக மெல்லிய குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல. என் மகளின் குரல்! ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை. ஏதோ சொல்கிறாள், நிறுத்துகிறாள், திரும்ப அதையே சொல்கிறாள். சிரிக்கிறாள். நான் கனவு காண்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாளும் அதே நேரம் அதே குரல். "மைனெ முட்டர்... மைனெ முட்டர்..."

ஜெர்மன் மொழி அது. இடைவேளையில், செவிலியர் மேசைக்கு அடுத்த துணி அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காதைப் பாடத்திலும் ஒரு காதை மணியிலும் வைத்து அவள் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனிக்குச் செவிலியாகப் போவதற்கு. என்னிடம் சொல்லாமல். நான் அவளுக்காகக் கொண்டுவந்த சிக்னலிலேயே!

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அப்பா குவைத்துக்கு வெல்டராகப் போனவர். ஒரு முறை தொடர்ந்து மூன்று நாள் அவருடைய எண் கிடைக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. நான்காம் நாள் வேறொருவர் பேசினார். அதன் பிறகு பெட்டிதான் மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. ஜெனிக்கு அப்போது பதினொரு வயது. அன்றிலிருந்து நான் இரண்டு முறை அழைத்தும் யாராவது எடுக்காவிட்டால், எடுக்கும்வரை அழைத்துக்கொண்டே இருப்பேன். மகள் வார்டில் இருக்கும் எட்டு மணி நேரத்தில் எட்டு முறை அழைப்பேன். சிக்னல் சிக்னல் என்று நான் ஏன் அலைந்தேன் என்று இப்போது புரிகிறதா?

இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. காரணம் வேறு, நியாயம் வேறு.

இரண்டாம் மாடியின் கிழக்குக் கிளைக்கு ஒரு டேம்பர் உண்டு. ஆறு அறைகளும் அந்தத் துணி அறையும் அதில் அடக்கம். பாடம் தொடங்கும் நேரத்தில் அதைக் கொஞ்சம் மூடினால் என்ன? பாடம் அறுந்து அறுந்து போகும். ஒரு மாதத்தில் அலுத்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. வாயால் "போகாதே" என்று சொல்லி அவள் கண்ணில் கெட்டவளாக வேண்டியதில்லை... இப்படித்தான் யோசித்தேன். எவ்வளவு சாமர்த்தியம்!

நான்கு நாட்கள் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாளுக்கு முந்தைய மாலை, உருளைக்கிழங்கு வெஞ்சனத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே ஜெனி கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு ரெண்டே முக்காலுக்கு எங்க வார்டுல சிக்னல் நல்லா இருக்குமா? இப்ப ரெண்டு மூணு நாளா மக்கர் பண்ணுது."

"ஏன்டி?"

"சும்மாதான். ஒரு கால் வருது. அஞ்சு நிமிசம் பேசணும்."

"இருக்கும். நான் பாத்துக்கிறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்! அது அவளுடைய வாய்மொழித் தேர்வு என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் முக்கியமான ஏதோ ஒன்று என்று அப்போதே தெரியும். அதனால்தான் ஐந்து நிமிடம் முன்னதாகவே மூடினேன்.

மணிகளும் அதே வழியில்தான் போகின்றன என்பது எனக்கு மறந்துபோயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. மற்றவர்களிடம் பொய் சொன்னேன், உங்களிடம் வேண்டாம். தெரியும். அந்த நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்குவார்கள், துணைக்கு ஆள் இருக்கும், கால் மணி நேரம்தானே... இப்படி மனத்துக்குள் ஒரு வரி சொல்லிக்கொண்டு கைப்பிடியைக் குறுக்கே திருப்பினேன்.

டக்டின் வழியாக, அழைப்பு வருமுன் கைப்பேசியைச் சோதித்துப் பார்க்கும் ஒரு "ஹலோ" கேட்டது. இன்னொரு "ஹலோ". பிறகு தகடு பொருந்தி, அந்தக் குரலும் நின்றது.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது... நான் தூங்கவில்லை. ஆனால் விழித்திருக்கவும் இல்லை. எந்திரத்தின் இரைச்சல் மெல்ல மெல்ல மழைபோல ஆயிற்று. சுவரில் சாய்ந்தபடி நான் ஒரு வீட்டைப் பார்த்தேன். மாடியில் ஜெனி, கீழே நான். அவள் பிள்ளைகள் படியில் ஓடி இறங்குகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே சிறுமலைமேல் மேகம் படுத்திருக்கிறது. யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். எவ்வளவு நிம்மதி! அந்த வீட்டுக்குள் நான் அறை அறையாக நடந்துகொண்டிருந்தேன். கால் மணி நேரம் என்று நினைத்தது எனக்குத் தெரியாமலே தாண்டிப் போயிற்று.

மூன்று ஆறுக்குத் திடுக்கிட்டுக் கைப்பிடியை நேராக்கினேன். காற்று குழாய்க்குள் பாய்ந்த சத்தம் அடங்குவதற்குள் மணி அடித்தது. ஒரே மணி. நிற்காமல்.

அறை ஏழிலிருந்து. அங்கே இருந்தவள் செல்வி, சித்தையன்கோட்டையில் வெங்காயம் போடும் குடும்பத்துப் பெண். இருபத்திரண்டு வயது. அன்று விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவளுடைய அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போய், அங்கே தெரிந்தவர் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றுவிட்டார். அந்த நேரத்தில் செல்விக்கு இரத்தப்போக்கு தொடங்கியிருக்கிறது. பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். ஓடிப் போய்ப் பார்த்தபோது நினைவில்லை. ஆனால் கட்டைவிரல் மட்டும் இன்னும் பொத்தானின்மேல் இருந்ததாம்.

அதனால்தான் நான் திறந்ததும் மணி அடித்தது.

மதுரைக்குக் கொண்டு போனார்கள். பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள்.

ஜெனி அப்போது எங்கே இருந்தாள்? மொட்டை மாடியில். துணி அறையில் சிக்னல் போனதும், உடன் வேலை பார்க்கும் செவிலி வேறொரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்ததால், வார்டு ஆயா முத்தம்மாளை மேசையில் உட்காரவைத்து, மணி அடித்தால் உடனே கூப்பிடச் சொல்லிவிட்டு, கைப்பேசியோடு மாடிக்கு ஓடியிருக்கிறாள். மலைக்கோட்டையைப் பார்த்தபடி நின்று அவள் பேசிக்கொண்டிருந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறார். மூடாமல் இருந்திருந்தால் அவள் துணி அறையிலேயே இருந்திருப்பாள். மணியும் அடித்திருக்கும். நான் ஒரே திருப்பில் இரண்டையும் செய்தேன்.

விசாரணை மூன்றாம் நாள் நடந்தது. முத்தம்மாள் கோட்டை மாரியம்மன்மேல் சத்தியம் செய்தார், கண்ணை மூடவே இல்லை, மணி அடிக்கவே இல்லை என்று. ஜெனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நிர்வாக அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"மணி சிஸ்டம் அன்னைக்கு ஒழுங்கா இருந்துச்சா மேரி?"

"இருந்துச்சு சார்."

இரண்டே சொற்கள். தொடர்பு அறுந்தால் தகவல் வருவது என் கணினிக்கு மட்டும். அதில் அன்றைய தேதியில், இரண்டு நாற்பதிலிருந்து மூன்று ஆறு வரை, ஆறு அறைகளுக்கும் நேராகச் சிவப்புக் கோடு இருந்தது. யாரும் கேட்கவில்லை. என் சொல்லே போதுமானதாக இருந்தது.

ஜெனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற பார்வை.

வேலை நேரத்தில் வார்டை விட்டுப் போனாள், அதனால் ஓர் உயிருக்கு ஆபத்து வந்தது என்று எழுதி அவளை நீக்கினார்கள். அனுபவச் சான்றிதழ் தரவில்லை. அது இல்லாமல் ஜெர்மனி இல்லை. அன்று மொட்டை மாடியில் நின்று பேசிய தேர்வில் அவள் தேறிவிட்டாள் என்று இரண்டு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டு அழித்தாள். முத்தம்மாளைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள்.

கணினியில் பதிவுகள் முப்பது நாள்தான் இருக்கும். பிறகு தானாகவே அழிந்துவிடும். நான் எதையும் அழிக்கவில்லை. காத்திருந்தேன். தினமும் காலையில் போய் முதலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பேன். இன்று சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன். முப்பத்தோராம் நாள் காலை அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது... நான் என்ன செய்தேன் தெரியுமா? தேநீர் குடித்தேன்.

அந்த நாட்களில் ஒரு முறை ஜெனி தட்டில் கையை வைத்தபடி கேட்டாள்: "நான் மாடிக்குப் போகாம இருந்திருந்தா மணி கேட்டிருக்கும்லம்மா?"

"சாப்பிடுடி" என்றேன்.

கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று முறை போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் காத்திருப்பார். பொறாமைப்பட்டேன், கோபப்பட்டேன், பூசைக்கு வராமல் இருந்தேன் என்று சில்லறைப் பாவங்களை எல்லாம் சொன்னேன். சிறு துளைகள் உள்ள அந்த வலையைப் பார்த்ததும் எனக்கு டக்டின் வாய்தான் நினைவுக்கு வந்தது. இதற்குள் சொன்னால் எந்த அறையில் போய் இறங்குமோ! எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது ஜெனி பேகம்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நானும் அவளும் சேர்ந்து சாப்பிடுகிறோம். நான் அழைத்தால் முதல் மணியிலேயே எடுக்கிறாள். கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். நான் அந்த மதியம் சுவரில் சாய்ந்து பார்த்த வீடு... ஏறக்குறைய கிடைத்துவிட்டது! அவள் மட்டும் அதற்குள் இல்லை. சிரிப்பதில்லை. இப்போதெல்லாம் என் கனவில் ஒரு நீளமான தகரக் குகை வருகிறது. உள்ளே தவழ்ந்து போகிறேன். எல்லா அறைகளின் வாயிலும் சிவப்பு விளக்கு. தொலைவில் அவள் குரல், "மைனெ முட்டர்" என்று. அதற்கு "என் அம்மா" என்று பொருளாம். ஒரு நாள் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். தன்னைப் பற்றிச் சொல்லும் பாடம். அவள் என்னைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஒரு கையில் பை நிறையச் சின்ன வெங்காயம், மறு கையில் நடை பழகிவிட்ட ஒரு பெண் குழந்தை. செல்வி.

ஜெனி எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. திட்ட வந்திருக்கிறாள் என்றே இருவரும் நினைத்தோம். ஆனால் செல்வி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிலையத்தில் முத்தம்மாளைப் பார்த்தாளாம். தன்னால் சிஸ்டர் அக்காவுக்கு வேலை போனது என்று அப்போதுதான் தெரிந்ததாம். அன்று நடந்ததைத் தன்னிடம் யாருமே கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள். குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

செல்வி பேசி முடித்தபின் ஜெனி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றோடு ஐந்து நாள். ஒன்றும் கேட்கவில்லை. சமைத்ததைச் சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், நான் அழைத்தால் எடுக்கிறாள். எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. கேட்கட்டும் என்று நானும், சொல்லட்டும் என்று அவளும்... எத்தனை நாள் இப்படி இருப்போம்? அவளிடம் சொல்ல முடியாமல்தான் உங்களிடம் சொல்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

செல்வி சொன்னது இதுதான்:

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே லைட்டப் பாத்தேங்க்கா. செவப்பா இருந்துச்சு. அம்புட்டு நேரமும் செவப்புதான். மேல இருந்து வந்த காத்தும் அப்பவே நின்னுபோச்சு. ரெண்டும் ஒண்ணா நின்னுச்சுக்கா."